மலையகப் பயணத்தில் டிப்ஸ்: யாருக்கு, எவ்வளவு, எந்த நேரத்தில்

நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் சாப்பிட்டு முடிக்கிறீர்கள். பில்லில் பத்து வீதம் சேவைக் கட்டணம் ஏற்கெனவே ஏறியிருக்கிறது. அதற்குமேல் டிப்ஸ் வைக்க வேண்டுமா? கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ லண்டன், ரொறொன்ரோவிலிருந்தோ மலையகம் வருகிற நம்மவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். சிலர் வைக்க வேண்டாத இடத்தில் தாராளமாக வைத்துவிட்டு, வைக்க வேண்டியவரைக் கவனிக்காமலே வண்டி ஏறிவிடுகிறார்கள். அந்தப் பத்து வீதம் யாரிடம் போகிறது, யாரை எட்டுவதில்லை என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது.

பில்லை முதலில் வாசியுங்கள். மெனுவில் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் அடையாளம் போட்டிருந்தால், அந்த விலையில் சேவைக் கட்டணமும் வரிகளும் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். 8,000 ரூபாவுக்குச் சாப்பிட்டால் 800 ரூபா சேவைக் கட்டணம். பெறுமதி சேர் வரி (VAT) 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். வரி அரசாங்கத்துக்குப் போகிறது, பரிமாறியவருக்கு அதில் ஒரு சதமும் இல்லை. பில் பெருத்திருக்கிறதே, இதற்குமேல் என்ன டிப்ஸ் என்று நினைக்கும்போது, பெருக்க வைத்தது சேவைக் கட்டணமா அரசாங்க வரியா என்று பாருங்கள்.

சேவைக் கட்டணத்தை ஹோட்டல்கள் பொதுவாக மாதக் கடைசியில் புள்ளி முறையில் பிரிக்கின்றன. பதவிக்கும் சேவைக்காலத்துக்கும் ஏற்றபடி ஆளுக்கு ஆள் புள்ளி மாறும். உதாரணத்துக்கு, ஒரு மாதம் 12 இலட்சம் ரூபா சேர்ந்து, எல்லோருடைய புள்ளிகளும் கூட்டினால் 600 வந்தால், ஒரு புள்ளி 2,000 ரூபா. 12 புள்ளிக்காரருக்கு 24,000, நான்கு புள்ளி உள்ள, அறை சுத்தம் செய்யும் ரூம் போய்க்கு (room boy) 8,000. உடைந்த பாத்திரங்களுக்கென்று ஒரு பகுதியைக் கழித்துவிட்டுப் பிரிக்கிற இடங்களும் உண்டு. ஆக, சேவைக் கட்டணம் உள்ள ஹோட்டலில் வெயிட்டருக்கு ஏதோ கிடைக்கிறது. உங்கள் மேசையை நன்றாகக் கவனித்தால் 300 முதல் 500 ரூபா வரை கையில் கொடுங்கள். பில் தொகையில் இன்னொரு பத்து வீதம் தேவையில்லை.

அந்தக் கட்டணம் எட்டாதவர்கள் வேறு. வான் (van) ஓட்டி வந்த டிரைவர், தேயிலைத் தொழிற்சாலை சுற்றிக் காட்டிய தங்கச்சி, மலை ஏறக் கூட வந்த வழிகாட்டி, சேவைக் கட்டணமே போடாத ஹோம்ஸ்டேயில் சமைத்த அக்கா. ஏப்ரல் சீசனில் நுவரெலியா ஹோட்டல்கள் தற்காலிகமாக ஆள் எடுக்கும். அப்படி வந்த பையன்கள் பலருக்குப் புள்ளியே இருக்காது. உங்கள் டிப்ஸ் பணத்தின் பெரும்பகுதி இவர்களிடம் போக வேண்டும் என்பதே இந்தக் குறிப்பின் நோக்கம்.

சில்லறை இல்லாமல் மலை ஏறாதீர்கள்

ஏ.டி.எம். பெரும்பாலும் 5,000, 1,000 நோட்டுகளையே தரும். கையில் 5,000 நோட்டு மட்டும் இருந்தால் ரூம் போயிடம் மாற்றிக் கேட்கவும் முடியாது, கொடுக்கவும் மனம் வராது. கடைசியில் ஒன்றுமே கொடுக்காமல் இறங்குவீர்கள். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை போன்ற நகரங்களில் பெற்றோல் அடிக்கும்போதும் சுப்பர் மார்க்கெட்டில் சாமான் வாங்கும்போதும் பெரிய நோட்டை முறித்துக்கொள்ளுங்கள். இரண்டு இரவுப் பயணத்துக்கு 100 ரூபா நோட்டு இருபதும் 500 ரூபா நோட்டு பதினைந்தும் 50 ரூபா நோட்டு சிலவும் இருந்தால் போதும். ஒரு கட்டுச் சிறிய கடித உறையும் பேனாவும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் டொலர், பவுண் நாணயக் குற்றிகளைக் கொடுக்கவே வேண்டாம். வங்கிகள் குற்றிகளை மாற்றித் தருவதில்லை. நோட்டாகக் கொடுத்தாலும் அதை மாற்ற அவர் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து டவுனுக்கு வர வேண்டும். ஒரு டொலர் நோட்டுக்கு அந்தப் பஸ் காசும் நேரமும் கட்டாது. ரூபாவாகவே கொடுங்கள். நோட்டின் மேல் பெயரோ வாழ்த்தோ எழுதாதீர்கள். வேண்டுமென்றே எழுதிப் பழுதாக்கிய நோட்டை மத்திய வங்கி ஏற்பதில்லை. நன்றியை உறையின் மேல் எழுதலாம்.

தோட்டத்து பங்களா

கவனம் அதிகம் தேவைப்படுகிற இடம் இதுதான். தோட்ட நிர்வாகிகளான துரைமார் இருந்த பழைய பங்களாக்களில் ஹோட்டல் மாதிரி வரவேற்பு மேசையோ டிப்ஸ் பெட்டியோ இருக்காது. சமைத்துப் பரிமாறுகிற அப்பு, அவருக்கு உதவியாள், ரூம் பார்க்கிற ஒருவர், தோட்டக்காரர், இராக்காவலர் என்று நான்கைந்து பேர் இருப்பார்கள். உங்கள் கண்ணில் படுவது அப்பு மட்டுந்தான். விடியற்காலையில் விறகு வைத்து பொயிலர் மூட்டியவரும், இரவு படுக்கைக்குள் சுடுதண்ணிப் பை வைத்தவரும், கணப்படுப்புக்கு விறகு பிளந்தவரும் பின்கட்டில் இருப்பார்கள்.

போனதும் முதல் நாளே அப்புவிடம், "இங்கே எத்தனை பேர் வேலை செய்றீங்க அண்ணன்? பேரெல்லாம் சொல்லுங்க" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பட்டியலில் 'அப்பு' என்று போட்டிருந்தாலும் அவரைப் பெயர் கேட்டு, வயதுக்கேற்ப அண்ணன் என்றோ ஐயா என்றோ கூப்பிடுங்கள். தமிழில் பேசுகிறோம் என்கிற உரிமையில் 'நீ, வா, போ' என்று இறங்குபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஐயாயிரம் ரூபா டிப்ஸ் வைத்தாலும் அந்த ஒருமை அவர் மனதிலிருந்து போகாது.

ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 1,500 ரூபா என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அறை, இரண்டு இரவு என்றால் 6,000. அதை இப்படிப் பிரிக்கலாம்: அப்புவுக்கு 2,000, ரூம் பார்ப்பவருக்கு 1,500, சமையல் உதவியாளுக்கு 1,000, தோட்டக்காரருக்கும் காவலருக்கும் தலா 750. ஐந்து உறை, ஐந்து பெயர். மொத்தத்தையும் அப்புவிடம் கொடுத்து "எல்லாரும் பிரிச்சிக்குங்க" என்று சொல்வது அவருக்கும் சங்கடம். சரியாகப் பிரித்தாலும் மற்றவர்கள் சந்தேகப்படுவார்கள். பிரிக்காவிட்டால் பொயிலர்க்காரருக்கு ஒன்றும் போகாது.

இராக்காவலர் காலை ஆறு மணிவாக்கில் வீட்டுக்குப் போய்விடுவார். நீங்கள் பத்து மணிக்குப் புறப்படும்போது அவர் இருக்க மாட்டார். ஆகவே அவருடைய உறையை முதல் நாள் இரவே கொடுத்துவிடுங்கள். அடுத்த நாள் யாருக்கு லீவு என்றும் அப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மிஞ்சின அரிசி, பருப்பு, திறக்காத டின் மீன், மரக்கறி இருந்தால் "இதை வச்சிட்டுப் போகலாமா, பயன்படுமா?" என்று கேட்டுவிட்டுக் கொடுக்கலாம். அது டிப்ஸுக்கு மேலதிகம், டிப்ஸுக்குப் பதில் அல்ல. சாராயப் போத்தலை மட்டும் டிப்ஸாகக் கொடுக்காதீர்கள். குடி எத்தனை லயத்துக் குடும்பங்களை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் வாழும் குடும்பங்களை, அழித்திருக்கிறது என்று அறிந்தவர்கள் இதைச் செய்ய மாட்டார்கள். காசாகக் கொடுத்தால் அது வீடு போய்ச் சேர வழியுண்டு.

ஹோட்டல் அறை

ரூம் போய்க்கு அறைக்கு ஓர் இரவுக்கு 300 முதல் 500. கடைசி நாள் மொத்தமாக வைக்காமல் அன்றன்றே வையுங்கள், ஏனென்றால் ஷிப்ட் மாறும். மேசையில் சும்மா கிடக்கிற காசை அவர் தொட மாட்டார். விருந்தினர் காசை எடுத்தால் திருட்டுப் பழி வரும், வேலையே போய்விடும். உறையில் போட்டு, "அறை சுத்தம் செய்தவருக்கு, நன்றி" என்று எழுதித் தலையணை மேல் வையுங்கள். சிங்களம் எழுதத் தெரிந்தால் இரண்டு மொழியிலும் எழுதுவது நல்லது. பயணப்பெட்டி தூக்குபவருக்குப் பெட்டிக்கு 100, எல்ல (Ella) ஊர்ப் பக்கம் மாதிரிப் படிக்கட்டு அதிகமான இடத்தில் 200.

டிரைவர்

வானை ஒழுங்கு செய்யும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள். டிரைவரின் பட்டா (நாட்படி) வாடகைக்குள் அடங்குமா? இரவு அவர் எங்கே தூங்குவார்? பெரிய ஹோட்டல்களில் டிரைவர் ரூமும் சாப்பாடும் இருக்கும். சிறிய கெஸ்ட் ஹவுஸ்களிலும் ஹோம்ஸ்டேக்களிலும் பெரும்பாலும் இருக்காது. இதைக் கேட்காமல் விட்டால் நுவரெலியாக் குளிரில் அவர் வானுக்குள் சுருண்டு கிடப்பார். மறுநாள் றம்பொடை வளைவுகளில் தூக்கம் கெட்ட மனிதர் உங்கள் பிள்ளைகளை வைத்து ஓட்டுவார். அறைக்குக் காசு கட்டுவது டிப்ஸ் கணக்கில் வராது, அது உங்கள் பொறுப்பு.

டிப்ஸ் என்று நாளொன்றுக்கு 1,500, நல்ல ஓட்டத்துக்கு 2,500 வரை. கடைசி நாள் இறங்குமிடத்தில் மொத்தமாகக் கொடுக்கலாம். சில கடைகளும் வாசனைத் திரவியத் தோட்டங்களும் ஆள் கூட்டி வரும் டிரைவருக்குக் கொமிஷன் கொடுக்கின்றன. அது நீங்கள் வாங்கும் விலையில்தான் ஏறும். முதல் நாள் காலையிலேயே, "அண்ணன், கடைக்கெல்லாம் போக வேணாம், உங்களுக்குச் சேர வேண்டியதை நாங்க சரியாப் பார்த்துக்குவோம்" என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். சொன்னபடி செய்யுங்கள்.

கொழுந்து பறிக்கிறவர்களைப் படம் எடுத்தால்

வீதியோரக் காட்சி முனைகளில் கூடையோடு படத்துக்கென்றே நிற்கும் அம்மாமார் இருக்கிறார்கள். அது அவர்கள் தொழில். படம் எடுக்குமுன் தொகையைப் பேசிவிடுங்கள். 200 முதல் 500 வரை, நிற்கிற ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியாக. ஐந்து பேரைப் படம் எடுத்துவிட்டு ஒருவரிடம் 1,000 ரூபாவை நீட்டினால், நீங்கள் போன பிறகு அங்கே சண்டைதான்.

உண்மையாக மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பவர்களின் நிலை வேறு. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. நாட்சம்பளத்தை முழுதாக எடுக்க தோட்டம் குறித்த கிலோவைப் பறித்துக் காட்ட வேண்டும். குறைந்தால் அரைப்பேர்தான் (அரைநாள் சம்பளம்) போடுவார்கள். நீங்கள் பத்து நிமிடம் அவரை நிறுத்திப் படம் எடுத்தால் அந்தப் பத்து நிமிடக் கொழுந்து நிறுவையில் குறையும். எடுக்கத்தான் வேண்டுமென்றால் வேலையை மேற்பார்க்கும் கங்காணியிடமும் அவரிடமும் கேளுங்கள், சாப்பாட்டு நேரத்திலோ கொழுந்து நிறுத்து முடிந்த பிறகோ எடுங்கள், 500 ரூபா அவர் கையிலேயே கொடுங்கள். வேண்டாம் என்று தலையாட்டினால் கமராவைக் கீழே இறக்குங்கள்.

வளைவுகளில் பூங்கொத்தோடு ஓடி வரும் பிள்ளைகளுக்குக் காசு, டொபி, பேனா எதுவும் கொடுக்காதீர்கள். கிடைக்கிறது என்று தெரிந்தால் பள்ளிக்கூட நாளிலும் வீதிக்கு வருவார்கள், அதுவும் வேகமாக வாகனம் திரும்பும் இடத்தில். பூ வேண்டுமென்றால் பெரியவர்கள் நடத்தும் கடையில் வாங்குங்கள்.

மற்றவை

தேயிலைத் தொழிற்சாலையில் சுற்றிக் காட்டியவருக்கு குடும்பமாகப் போனால் 500. சில இடங்களில் வாங்கக் கூடாது என்று விதி உண்டு. மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். சைவக் கடையில் சேவைக் கட்டணம் இல்லையென்றால் மேசை பார்த்த தம்பிக்கு 50, 100. முதலாளியே பரிமாறும் சின்னத் தேத்தண்ணிக் கடையில் தேவையில்லை.

சிவனொளிபாத மலைக்கு டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் பௌர்ணமி (மே மாதவாக்கில்) வரை சீசன். அப்போது படிகளில் விளக்கு இருக்கும், கூட்டம் இருக்கும், வழிகாட்டி தேவைப்படாது. சீசன் இல்லாத காலத்தில் மலையடிவாரத்து ஊரான நல்லதண்ணியிலிருந்து ஆள் கூட்டிப்போனால் கூலியை முன்பே பேசுங்கள். வழியில் அவர் குடிக்கும் தேத்தண்ணி உங்கள் செலவு. இறங்கி வந்ததும் கூலிக்குமேல் 500 முதல் 1,000. ஹோர்ட்டன் சமவெளி நுழைவாயில், ரயில் நிலையம், பொலிஸ் என்று அரச உத்தியோகத்தர் எவருக்கும் டிப்ஸ் கொடுக்கக் கூடாது. சட்டப்படி அது இலஞ்சமாகிவிடும், வாங்குபவரோடு கொடுப்பவரும் மாட்டுவார். டிக்கட்டுக்கு ரசீது வாங்குங்கள், அத்துடன் முடிந்தது.

கொடுக்கும் முறை பற்றி ஒரு வார்த்தை. வலது கையால், முகத்தைப் பார்த்து, எதற்காக என்று சொல்லிக் கொடுங்கள்: "ராத்திரி பிள்ளைக்குக் கஞ்சி வச்சுத் தந்தீங்களே அக்கா, அதுக்கு." சட்டைப் பையில் திணிப்பதும், பத்துப் பேர் பார்க்க நோட்டை எண்ணுவதும் வாங்குபவரைச் சிறுமைப்படுத்தும். பிள்ளைகளின் கையால் கொடுக்க வைத்து வீடியோ எடுப்பதும் அப்படித்தான்.

சேவை சரியில்லை என்றால் என்ன செய்வது? சாப்பாடு பிந்தினால் அது குசினியின் தவறாக இருக்கலாம், அதற்காக ரூம் போயின் காசை வெட்டாதீர்கள். மனேஜரிடம் நேராகச் சொல்லுங்கள். நன்றாக இருந்தால் விருந்தினர் புத்தகத்தில் அவர்கள் பெயரை எழுதுங்கள். 'சேவை அருமை' என்று மட்டும் எழுதினால் அது ஹோட்டலுக்குப் போகும். பெயர் போட்டு, என்ன செய்தார் என்று இரண்டு வரி எழுதினால் சம்பள உயர்வு கேட்கும்போது அவர் அதைக் காட்டலாம். சரியான எழுத்துக்கூட்டலை அவரிடமே கேட்டு எழுதுங்கள்.