பேரண்டத்தை யார் தள்ளுகிறார்கள்? நோட்டில் போட்டுப் பார்க்கலாம்

பேரண்டம் விரிகிறது, அந்த விரிவின் வேகமும் கூடிக்கொண்டே போகிறது. அக்கா மகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கப் போய் முதல் தடவை கோட்டை விட்டேன். பலூனில் புள்ளி வைத்து ஊதிக் காட்டினேன். "சரி மாமா, அங்க ஊதுறது யாரு?" என்றாள். வாயடைத்துப் போனேன். விரிவதைக் காட்ட பலூன் போதும். வேகம் ஏன் கூடுகிறது என்பதற்கு அது உதவாது. அதனால் இப்போதெல்லாம் ஒரு நோட்டு, பென்சில், கால்குலேட்டர், அவ்வளவுதான்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள். 1998-இல் இரண்டு குழுக்கள், தொலைதூரத்தில் வெடித்த 1ஏ வகை சூப்பர்நோவாக்களை, அதாவது ஒருவகை விண்மீன் வெடிப்புகளை, ஆராய்ந்தன. இவற்றின் உண்மையான பிரகாசம் கணிக்கக்கூடியது. எனவே எவ்வளவு மங்கலோ அவ்வளவு தூரம். ஈர்ப்பு விசை விரிவை மெல்ல மெல்லத் தடுத்திருக்கும் என்று நினைத்தவர்களுக்கு அதிர்ச்சி: எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ கால் பங்கு மங்கல். அதாவது நினைத்ததைவிடத் தூரம், விரிவு வேகமெடுத்திருக்கிறது. பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் மூவருக்கும் 2011-இல் நோபல்.

இனி நோட்டு. இன்றைய பேரண்டத்தின் மொத்த ஆற்றல் அடர்த்தியை 100 என்று வையுங்கள். அதில் பொருள் சுமார் 30, கரும் ஆற்றல் சுமார் 70. வேகம் கூடுவதற்குக் காரணம் என்று கருதப்படும், இன்னதென்று இன்னும் தெரியாத ஒன்றுக்குத்தான் கரும் ஆற்றல் என்று பெயர். இப்போது காலத்தில் பின்னால் போய், பேரண்டம் பாதி அளவில் இருந்த நாளை எடுங்கள். நீளம் பாதி என்றால் கனஅளவு எட்டில் ஒன்று. பொருள் அத்தனை நெருங்கியிருக்கும்: 30 × 8 = 240.

கரும் ஆற்றல்? அவள் 560 என்று எழுதினாள். எல்லோரும் இங்கேதான் வழுக்குவார்கள். அழிக்கச் சொல்லுங்கள். அது வெளிக்குள் கொட்டி வைத்த சரக்கு அல்ல, வெளியோடு ஒட்டிய குணம். வெளி கூடினாலும் குறைந்தாலும் அடர்த்தி அதே 70.

அடுத்த படி கொஞ்சம் வினோதமானது, நிதானமாகப் போங்கள். ஐன்ஸ்டீனின் சமன்பாட்டில் அடர்த்தி மட்டுமல்ல, அழுத்தமும் ஈர்க்கும். அதுவும் மூன்று மடங்காகக் கணக்கில் வரும். கரும் ஆற்றலின் அழுத்தமோ அதன் அடர்த்தி அளவுக்கே, ஆனால் எதிர்மறை. 1 − 3 = −2. ஆக 70 என்பது −140 ஆகிறது. பொருளுக்கு அழுத்தம் கிட்டத்தட்ட இல்லை, அதை அப்படியே விடலாம். கூட்டினால் வருவது நேர்மறை என்றால் பிரேக், எதிர்மறை என்றால் ஆக்ஸிலரேட்டர்.

பாதி அளவில்: 240 − 140 = 100. பிரேக்.
இன்று: 30 − 140 = −110. ஆக்ஸிலரேட்டர்.

எப்போது மாறியது? விடையைச் சொல்லாதீர்கள், அவர்களே தேடட்டும். இன்றைய அளவை 1 என்று வைத்து, அவள் 0.8, 0.7 என்று இறங்கி 0.6-க்கு வந்தாள். 0.6 × 0.6 × 0.6 = 0.216. 30-ஐ 0.216-ஆல் வகுத்தால் 139. 140-க்குக் கிட்டத்தட்ட சமம்! அது சுமார் 600 கோடி ஆண்டுகளுக்கு முன். பேரண்டத்தின் வயது 1380 கோடி ஆண்டுகள். "அப்போ யாரும் புதுசா தள்ள ஆரம்பிக்கல, பிரேக்தான் தேஞ்சு போச்சு" என்றாள். நான் இதைவிட நன்றாகச் சொன்னதில்லை.

ஒரு எச்சரிக்கை: ஹபிள் விகிதம் (விலகும் வேகத்தைத் தூரத்தால் வகுத்தால் வருவது) கூடுகிறது என்று சொல்லிவிடாதீர்கள், அது இன்னும் குறைந்துகொண்டுதான் வருகிறது. கூடுவது, குறிப்பிட்ட ஒரு தொலைதூர விண்மீன் மண்டலம் நம்மை விட்டு விலகும் வேகம்.

அப்புறம், அந்த 70-ஐ பேனாவால் எழுத விடாதீர்கள். அது மாறாது என்பது இப்போதைக்கு எளிய கணக்கு. கரும் ஆற்றல் காலப்போக்கில் வலுவிழக்கிறதோ என்ற சந்தேகத்தை 2024, 2025-இல் வந்த டெசி (விண்மீன் மண்டலங்களை வரைபடமாக்கிக் கரும் ஆற்றலை ஆராயும் திட்டம்) ஆய்வு முடிவுகள் கிளப்பியிருக்கின்றன. அவள் நோட்டில் அந்த எண் பென்சிலில்தான் இருக்கிறது, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு.