அம்மா போன பசங்க கையில குடுக்குறதுக்கு முன்னாடி

பசங்க சேஃப்டி பத்தி சொல்லித்தர்ற எல்லாரும் குழந்தைக்குன்னு தனி போன் இருக்குற மாதிரியே பேசுறாங்க. நம்ம வீட்ல ஏதுங்க தனி போன், அம்மா போன் தான், அதுலயே ஜிபே, அதுலயே ஸ்கூல் குரூப்பு, அதுலயே பேங்க் ஓடிபி, சாயங்காலம் ஆனா அதுலயே பாப்பாவோட கேமும். இது அந்த மாதிரி ஒரே போன் வச்சிருக்குற வீட்டுக்கு.

எங்க வீட்டு கதைய சொல்லிடுறேன். என் பொண்ணுக்கு 10 வயசு. கேம்ல ஒரு "அக்கா" பழக்கமாகி, ஃப்ரீயா டைமண்ட் தரேன், உங்கம்மா போனுக்கு 6 நம்பர் வரும் படிச்சு சொல்லுன்னு கேட்டிருக்கா, இவளும் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சொல்லிட்டா. அது என் வாட்ஸ்அப் லாகின் கோட். கொஞ்ச நேரத்துல என் நாத்தனாருக்கு "டியர், அவசரமா 5000 அனுப்பு"ன்னு என் நம்பர்ல இருந்தே மெசேஜ். அண்ணி என்னைக்கு நம்மள டியர்னு கூப்பிட்டாங்கன்னு அவ சந்தேகப்பட்டு போன் பண்ணதால தப்பிச்சோம்.

அதனால முதல் வேலை, வாட்ஸ்அப் செட்டிங்ஸ்ல அக்கவுண்ட் உள்ள போய் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் ஆன் பண்ணி ஒரு பின் போடுங்க, அப்புறம் அந்த 6 நம்பர் மட்டும் கிடைச்சா எவனாலயும் உள்ள வர முடியாது. ஏற்கனவே போயிடுச்சுன்னா பயப்படாம உங்க நம்பர போட்டு திரும்ப லாகின் பண்ணுங்க, புது கோட் போட்டதும் அந்தப் பக்கம் இருக்குறவன் வெளிய போயிடுவான். அவன் முந்திக்கிட்டு பின் வச்சிருந்தா மட்டும் 7 நாள் காத்திருக்கணும். அதே செட்டிங்ஸ்ல பிரைவசின்னு இருக்கும் பாருங்க, அதுல குரூப்ஸ மை கான்டாக்ட்ஸ்னு மாத்துங்க, கால்ஸ்ல சைலன்ஸ் அன்நோன் காலர்ஸ் ஆன் பண்ணுங்க. போன் பாப்பா கையில இருக்கும்போது தான் எவனோ வீடியோ கால் போடுவான், அவ எடுத்துடுவா.

அடுத்தது விரல். அடிக்கடி அன்லாக் பண்ணித்தர சோம்பேறித்தனப்பட்டு பசங்க ஃபிங்கர்பிரிண்டயும் சேர்த்து வச்சிருப்போம்ல (நானும் தான்), அந்த விரலுக்கே ஜிபே லாக்கும் திறக்கும், பிளே ஸ்டோர்ல பணம் கட்டுறதுக்கும் அதுவே போதும். இன்னைக்கே அழிச்சிடுங்க. பிளே ஸ்டோர்ல ஒவ்வொரு பர்ச்சேஸுக்கும் பாஸ்வேர்டு கேக்குற மாதிரி வைங்க. யுபிஐ பின் அவ பிறந்தநாளா இருந்தா மாத்துங்க, முதல்ல ட்ரை பண்றதே அதத்தான்.

போன குடுக்கும்போது ஆப் பின்னிங் போட்டு குடுங்க, ஆண்ட்ராய்டுல செக்யூரிட்டி செட்டிங்ஸ்ல தேடுங்க, ஐபோன்ல அதுக்கு கைடட் ஆக்சஸ்னு பேரு. அந்த ஒரு ஆப்ப விட்டு வெளிய வர பின் கேக்குற மாதிரி வச்சுக்கோங்க. சின்னப் பசங்கன்னா யூடியூப் கிட்ஸ், நீங்க ஓகே பண்ண வீடியோ மட்டும் வர்ற மாதிரி வைக்கலாம். ஃபேமிலி லிங்க் (பசங்க போன நம்ம போன்ல இருந்தே கண்காணிக்கிற கூகுள் ஆப்) குழந்தைக்குன்னு தனி போனோ டேபோ வாங்குனப்புறம் பாத்துக்கலாம்.

நம்ம பக்கமும் ஒண்ணு இருக்கு. ஸ்கூல் திறந்த அன்னைக்கு யூனிஃபார்ம், ஐடி கார்டு, வேன் நம்பர் எல்லாம் தெரியுற மாதிரி ஸ்டேட்டஸ் வைக்கிறது நாம தானே?

இத்தன பூட்டு போட்டாலும் கேம் சாட்ல எவனாவது பேசத்தான் செய்வான். வயசு கேப்பான், போட்டோ கேப்பான், அம்மாகிட்ட சொல்லாதன்னு சொல்லுவான். அந்த கடைசி வார்த்தைய எவன் சொன்னாலும் உடனே வந்து சொல்லு, போன புடுங்க மாட்டேன்னு முன்கூட்டியே வாக்கு குடுங்க, குடுத்த வாக்க காப்பாத்துங்க. பசங்க மறைக்கிறதுக்கு பெரிய காரணமே போன் போயிடும்ங்குற பயம் தான்.

போட்டோவ வச்சு மிரட்டுறான்னா பணம் அனுப்பாதீங்க, சாட்ட அழிக்காதீங்க, அவன் ஐடி தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு பிளாக் பண்ணுங்க. அந்த போட்டோவ மாமா சித்தப்பான்னு யாருக்கும் ஃபார்வர்டு பண்ணிடாதீங்க, குழந்தையோட அந்த மாதிரி படத்த அனுப்புறதே சட்டப்படி குற்றம். 1098 சைல்டு ஹெல்ப்லைன். பணம் போயிருந்தா உடனே 1930, அது சைபர் மோசடி ஹெல்ப்லைன். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்துல குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகார பேர் சொல்லாமலும் குடுக்கலாம். டேக் இட் டவுன்னு ஒரு இலவச சர்வீஸ் இருக்கு, படம் உங்க போன விட்டு போகாது, அதோட டிஜிட்டல் கைரேகை மாதிரி ஒண்ண மட்டும் எடுத்து இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் மாதிரி கம்பெனிங்களுக்கு குடுத்து படத்த தடுக்கப் பாக்கும்.

என் பொண்ணு இப்ப ஓவரா உஷார். போன வாரம் நான் குளிச்சிட்டிருக்கேன், கேஸ்காரர் சிலிண்டரோட வாசல்ல நின்னு ஓடிபி கேக்குறாரு, இவ கதவுக்குப் பின்னாடி போன கட்டிப்புடிச்சிக்கிட்டு "சொல்ல மாட்டேன் அங்கிள்"ங்குறா.