எந்த நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம்? கூட்டுத் தளங்களில் பங்களிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018 பிப்ரவரியில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. தாமஸ் மான், அவருடைய அண்ணன் ஹைன்ரிக் மான், ஆல்ஃபிரட் டோப்ளின் ஆகிய மூன்று ஜெர்மன் எழுத்தாளர்களின் 18 நூல்களை ஜெர்மனியில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும்படி வைத்திருக்கக் கூடாது என்று 'புராஜெக்ட் குட்டன்பெர்க்' தளத்துக்கு உத்தரவிட்டது. குட்டன்பெர்க், தன்னார்வலர்கள் சேர்ந்து பழைய நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் ஓர் அமெரிக்க அமைப்பு. சர்வர் அமெரிக்காவில் இருந்தது, ஜெர்மனியில் அலுவலகம் கிடையாது. அமெரிக்கச் சட்டப்படி அந்த நூல்களின் உரிமைக்காலம் தீர்ந்திருந்தது. ஜெர்மனியிலோ ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் கழிய வேண்டும். டோப்ளின் இறந்தது 1957இல்தான். ஜெர்மன் மொழியில் நூல்களைத் தந்து ஜெர்மன் வாசகர்களையும் நோக்கி நடக்கும் தளம் என்பதால் ஜெர்மன் சட்டம் செல்லும் என்றது நீதிமன்றம். அதன்பின் அந்தத் தளம் ஜெர்மனி முழுவதற்குமே அடைக்கப்பட்டது. 2021இல் சமரசம் ஏற்பட்ட பிறகே, உரிமைக்காலம் முடியாத அந்த நூல்கள் மட்டும் தடுக்கப்பட்டு மற்றவை திறந்தன.

"சர்வர் எங்கே இருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டம்" என்று இன்னும் நம்புகிறவர்கள் இந்த வழக்கைப் படிக்க வேண்டும். சர்வர் இருக்கும் நாட்டுச் சட்டம் முக்கியம்தான். தளத்தை நடத்தும் அமைப்பு அதை மீற முடியாது. ஆனால் மற்ற நாடுகளின் சட்டத்தை அது ரத்து செய்துவிடுவதில்லை.

உண்மையில் பிழை கேள்வியிலேயே தொடங்குகிறது. "இந்தத் தளத்துக்கு எந்த நாட்டுச் சட்டம்?" என்று ஒருமையில் கேட்கிறோம். பதிப்புரிமைக்காக நாடுகள் 1886இல் செய்துகொண்ட பெர்ன் உடன்படிக்கையின் 5ஆம் பிரிவு சொல்வது வேறு: எந்த நாட்டில் பாதுகாப்புக் கோரப்படுகிறதோ, அந்த நாட்டின் சட்டமே பாதுகாப்பின் அளவைத் தீர்மானிக்கும். தளத்துக்கென்று ஒரே சட்டம் கிடையாது. ஒவ்வொரு படைப்புக்கும், அது சென்று சேரும் ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி இது.

பெர்ன் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாடுகளில் எல்லாம் ஒரே சட்டம் இருக்கும் என்று நினைப்பதும் தவறு. ஆசிரியரின் ஆயுளுக்குப் பின் 50 ஆண்டுகள் என்ற கீழ்வரம்பைத்தான் உடன்படிக்கை வகுத்தது. இந்தியாவில் அது 60, ஐரோப்பிய ஒன்றியத்தில் 70, மெக்சிகோவில் 100. கனடா 2022 இறுதி வரை 50 ஆண்டுகளாக வைத்திருந்து பிறகு 70க்கு மாறியது.

"எங்கள் நாட்டில் உரிமைக்காலம் முடிந்துவிட்டது"

அதிகமான கோப்புகள் நீக்கப்படுவதற்குக் காரணமாகும் தவறுகளில் ஒன்று இது. அதனால் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

ரவீந்திரநாத் தாகூர் 1941இல் காலமானார். அப்போதைய இந்தியச் சட்டப்படி 50 ஆண்டுகள் முடிந்து 1991 இறுதியில் அவருடைய படைப்புகள் பொதுவெளிக்கு, அதாவது யாரும் அனுமதியின்றிப் பயன்படுத்தும் நிலைக்கு, வந்திருக்க வேண்டும். அந்தத் தறுவாயில் இந்தியா காலத்தை 60 ஆண்டுகளாக நீட்டியது. ஆகவே இந்தியாவில் அவை 2002 ஜனவரி 1 அன்றுதான் விடுபட்டன. இந்த நீட்டிப்பின் விளைவு இந்தியாவோடு நிற்கவில்லை. 1996 ஜனவரி 1 அன்று தாய்நாட்டில் உரிமை உயிரோடு இருந்த வெளிநாட்டுப் படைப்புகளுக்கு அமெரிக்கா உரிமையை மீட்டுக் கொடுத்தது. தாகூரின் படைப்புகள் அந்தத் தேதியில் இந்தியாவில் உரிமைக்குள் இருந்தன. அமெரிக்காவிலோ அக்காலப் படைப்புகளுக்கு, வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் என்பது கணக்கு. ஆகவே அவர் 1935இல் இந்தியாவில் வெளியிட்ட ஒரு வங்காள நூல், இந்தியாவில் விடுபட்டுப் பல ஆண்டுகள் ஆனபிறகும், அமெரிக்காவில் 2030 இறுதி வரை உரிமைக்குள்தான் இருக்கும்.

தாய்நாட்டில் உரிமை முடிந்தால் தாங்களும் முடித்துக்கொள்ளும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. அமெரிக்கா அதைப் பின்பற்றுவதில்லை. ஒருமுறை பொதுவெளிக்கு வந்ததை மீண்டும் பூட்டலாமா என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பூட்டலாம் என்று 2012இல் தீர்ப்பானது. பொதுவெளியை நம்பிப் பாடுபடுகிறவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே இதை நான் கருதுகிறேன். ஆனாலும் அதுதான் சட்டம்.

ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு இன்னும் சிக்கலானது. அவர் 1945இல் இறந்தார். 70 ஆண்டுக் கணக்குப்படி 2016இல் விடுபட்டிருக்க வேண்டும் என்று நம்பி அதன் டச்சு மொழி மூலநூல், விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் ஏற்றப்பட்டது. 1947இல் முதலில் வெளியானதால் அமெரிக்காவில் அதற்கு 2042 இறுதி வரை உரிமை உண்டு. எனவே விக்கிமூலத்தையும் விக்கிப்பீடியாவையும் நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2016 பிப்ரவரியிலேயே அதை நீக்கியது. அவருடைய கையெழுத்துப் படிகளுக்கு நெதர்லாந்தில் 2037 பிறக்கும் வரை பாதுகாப்பு உண்டு; பக்கத்து நாடான பெல்ஜியத்தில் இல்லை. பெல்ஜியத்திலிருந்து வெளியிட்டு, நெதர்லாந்து வாசகர்களை மட்டும் தடுத்தால் போதுமா என்ற கேள்வியை நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் 2024இல் ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அனுப்பியது.

இதனால்தான் அதே அமைப்பின் படக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகம் இரட்டை விதி வைத்திருக்கிறது: படைப்பு அமெரிக்காவிலும் தாய்நாட்டிலும் விடுபட்டிருக்க வேண்டும். ஆங்கில விக்கிமூலத்துக்கு அமெரிக்காவில் விடுபட்டிருந்தாலே போதும். எங்கே ஏற்றுகிறோம் என்று பார்க்காமல் ஏற்றுவது வீண் உழைப்பாகிவிடும்.

உரிமையாளர் யார் என்பது வேறு கேள்வி

மீறல் நடந்ததா என்பதும், உரிமை யாருடையது என்பதும் ஒரே சட்டத்தின்கீழ் வரும் என்று கருத வேண்டாம். நியூயார்க்கில் வெளிவந்த ஒரு ரஷ்ய மொழி வார இதழ், ரஷ்யப் பத்திரிகைகளின் கட்டுரைகளை அப்படியே எடுத்துப் போட்டது. 1998இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கேள்வியை இரண்டாகப் பிரித்தது. கட்டுரை பத்திரிகைக்குச் சொந்தமா, எழுதியவருக்கா என்பதை ரஷ்யச் சட்டம் சொல்லும். நியூயார்க்கில் நடந்தது மீறலா என்பதை அமெரிக்கச் சட்டம் சொல்லும்.

கூட்டாக எழுதுவோருக்கு இது நேரடியாகப் பொருந்தும். இருவர் சேர்ந்து ஒரு படைப்பை உருவாக்கினால், அமெரிக்காவில் ஒருவரே மற்றவரைக் கேட்காமல் பிரத்தியேகமல்லாத உரிமம் (ஒருவருக்கு மட்டும் என்றில்லாமல் பலருக்கும் தரக்கூடியது) வழங்கலாம். பிரிட்டனில் அனைவரும் சம்மதிக்க வேண்டும். "நண்பர் ஒன்றும் சொல்ல மாட்டார்" என்று சேர்ந்து வரைந்த படத்தைத் தனியாக ஏற்றிவிடாதீர்கள். ஒவ்வொரு பங்களிப்பாளரும் தாமே உரிமம் தரும் ஏற்பாட்டைத் தளங்கள் வைத்திருப்பது வீண் சடங்கு அல்ல.

"நியாயமான பயன்பாடுதானே"

அனுமதி கேட்காமலே சில பயன்பாடுகளுக்கு இடம் தரும் அது, அமெரிக்கச் சட்டத்தின் நெகிழ்வான விதிவிலக்கு. இந்தியா, பிரிட்டன் போன்ற நாடுகளில் எந்தெந்த நோக்கங்களுக்கு விலக்கு என்று சட்டமே வரையறுக்கிறது. ஒரே அமைப்பின் தளங்களுக்குள்கூட வேறுபாடு உண்டு: ஆங்கில விக்கிப்பீடியா இதை ஏற்கிறது, பொதுவகமும் ஜெர்மன் விக்கிப்பீடியாவும் ஏற்பதில்லை.

கட்டடப் படங்களும் இதேபோல்தான்; கட்டட வடிவமைப்பும் உரிமைக்கு உட்பட்ட படைப்பே. பொது இடத்தில் நிற்கும் கட்டடத்தைப் படமெடுத்து வெளியிட ஜெர்மனியில் தடையில்லை. பிரான்ஸ் 2016இல் தந்த விலக்கு, தனிநபர்கள் வணிக நோக்கமின்றி வெளியிடுவதற்கு மட்டுமே. வணிகப் பயன்பாட்டையும் அனுமதிக்கும் கட்டற்ற உரிமத்துக்கு அது போதாது. லூவர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பிரமிடை வடிவமைத்த ஐ. எம். பே 2019இல்தான் இறந்தார். பிரான்ஸில் அந்த வடிவமைப்பின் உரிமை 2089 இறுதி வரை நீளும்.

வரைபடத் தளங்களில் தகவல் திரட்டுவோர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வெறும் தகவல் திரட்டுக்குப் பதிப்புரிமை இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991இல் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ 1996இல் வந்த ஆணையின்படி தரவுத்தளங்களுக்குத் தனி உரிமையே உண்டு, 15 ஆண்டுகளுக்கு. தன்னார்வலர்கள் உருவாக்கும் வரைபடத் தளமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2012இல் தரவுத்தளத்துக்கென எழுதப்பட்ட உரிமத்துக்கு மாறியதற்கு இப்படிப்பட்ட வேறுபாடுகளும் ஒரு காரணம்.

"தளம் பார்த்துக்கொள்ளும்"

என் பார்வையில் மிகவும் ஆபத்தான தவறு இதுதான். தளத்தின் பயன்பாட்டு விதிகளில் கலிஃபோர்னியச் சட்டம் என்று எழுதியிருக்கலாம். அது உங்களுக்கும் தளத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். மூன்றாம் நபரான உரிமையாளரை அது கட்டுப்படுத்தாது. புகார் வந்ததும் நீக்கும் தளத்தை அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் காக்கும், ஏற்றியவரைக் காக்காது. 2009இல் லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகம், 3,000க்கும் மேற்பட்ட ஓவியப் படங்களுக்காக வழக்கறிஞர் கடிதம் அனுப்பியது தளத்துக்கு அல்ல, அவற்றை விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றிய தன்னார்வலருக்கு. அவர் அமெரிக்கர், பழைய ஓவியத்தை அப்படியே எடுத்த புகைப்படத்துக்குப் புது உரிமை இல்லை என்பது அங்கே 1999லேயே வந்த தீர்ப்பு. கடிதமோ இங்கிலாந்துச் சட்டத்தைச் சுட்டியது. ஆகவே நீங்கள் வசிக்கும் நாட்டின் சட்டத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வழக்கு வந்தால் உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

கோப்பை ஏற்றும்போதே ஆசிரியர் இறந்த ஆண்டு, முதலில் வெளியான ஆண்டு, வெளியான நாடு, புகைப்படமென்றால் எடுத்த இடம் ஆகியவற்றைக் குறித்துவிடுங்கள். கோப்பு நீக்கப்பட்டாலும் இந்த விவரங்கள் வீணாகாது. பொதுவகத்தில் எந்த ஆண்டில் எதை மீட்கலாம் என்று ஆண்டுவாரிப் பகுப்புகள் வைத்திருக்கிறார்கள். விவரம் சரியாக இருந்தால் உரிமைக்காலம் முடிந்ததும் உங்கள் கோப்பை ஒரு நிர்வாகி மீட்டுவிட முடியும். நீங்கள் மறுபடி ஏற்ற வேண்டியதில்லை.