ராணி படம் இருந்தால் போதுமா? பழைய காலனித் தபால் தலையில் நாம் செய்யும் தவறுகள்

விக்டோரியா ராணி படம் போட்ட தபால் தலை கையில் கிடைத்ததும் பலர் கேட்கும் முதல் கேள்வி, "இது எத்தனை லட்சம் போகும்?" என்பதுதான். விடை பெரும்பாலும் ஏமாற்றமாகத்தான் இருக்கும். பழசு வேறு, அபூர்வம் வேறு. உலகின் முதல் ஒட்டுத் தபால் தலையான பென்னி பிளாக் 1840இல் வந்தது. அதில் 6 கோடியே 80 லட்சத்துக்கு மேல் அச்சடித்தார்கள், இன்றும் தேடினால் கிடைக்கிறது. தென் அமெரிக்கக் காலனியான பிரிட்டிஷ் கயானா 1856இல் வெளியிட்ட 'ஒரு சென்ட் மெஜந்தா' தலையோ உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருப்பதாகத் தெரிகிறது. நான்கு மூலையும் வெட்டுப்பட்ட அந்தத் துண்டு 2021இல் 80 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. வயது என்று பார்த்தால் பென்னி பிளாக்தான் மூத்தது!

அடுத்த தவறு, முகத்தை மட்டும் பார்ப்பது. ஒரே படம், ஒரே மதிப்பு, ஒரே நிறமாக இருந்தாலும் காகிதம் வேறாக இருக்கலாம். பிரிட்டிஷ் இந்தியாவின் அரையணா நீலத் தலையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நீர்க்குறி (காகிதத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் மங்கலான அடையாளம்) இல்லாத காகிதத்தில் வந்தது. 1865 முதல் அதே படம் யானைத் தலை நீர்க்குறியோடு வந்தது. அப்புறம் 1882இல் தொடங்கிய வரிசையில் நட்சத்திர நீர்க்குறி, 'ஈஸ்ட் இந்தியா' என்ற எழுத்தும் 'இந்தியா' ஆகிவிட்டது. ஐந்தாம் ஜார்ஜ் காலத்திலும் இதே கதைதான். லண்டனில் அச்சான தலையில் ஒற்றை நட்சத்திரம் இருக்கும், 1926 முதல் நாசிக்கில் அச்சானதில் பல நட்சத்திரங்கள் தெரியும். ஆகவே தலையைக் குப்புறப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். கறுப்புத் தட்டில் வைத்து அதற்கென்றே விற்கும் திரவத்தைச் சில சொட்டு விட்டால் நீர்க்குறி தெரியும்.

திரவம் என்றதும் தண்ணீர் நினைவுக்கு வருகிறது. அழுக்காக இருக்கிறதே என்று கழுவப் போகாதீர்கள். காலனிகளுக்கு அச்சடித்த டி லா ரூ நிறுவனம், முத்திரையை அழித்துவிட்டுத் தலையை மறுபடி ஒட்டுகிறவர்களை முறியடிக்கவே கரையும் மையைப் பயன்படுத்தியது. ஊதாவும் பச்சையும் இதில் பேர்போனவை. தொட்டியில் போட்டால் அழுக்கோடு ராஜாவும் கிளம்பிவிடுவார்.

உறையிலிருந்து தலையைக் கத்தரித்து எடுப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். சில சமயம் தலையை விட முத்திரைக்குத்தான் விலை. 1867 வரை சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா தபால் நிலையங்களில் இந்தியத் தலைகளே புழங்கின. சாதாரண இந்தியத் தலையின் மேல் 'பி 172' என்ற முத்திரை தெரிந்தால் அது சிங்கப்பூரில் பயன்பட்டது. 'பி 147' பினாங்கு, 'பி 109' மலாக்கா. உறை முழுதாக இருந்தால் தேதி, வழி, கட்டணம் எல்லாமே சாட்சியாக நிற்கும்.

முத்திரையிலேயே இன்னொரு குழி இருக்கிறது. ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸின் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த பிரிட்டிஷ் காலனி) 500 டாலர் தலை, இலங்கையின் 1000 ரூபாய் தலை போன்றவற்றை யார் கடிதத்தில் ஒட்டியிருப்பார்கள்? பெரும்பாலும் பத்திரங்களில் வரிக்காக ஒட்டியவை. பேனாவால் கிறுக்கியதும் வரி முத்திரை விழுந்ததும் தபாலில் போனவற்றைவிடப் பல மடங்கு குறைந்த விலைக்கே போகும். பேனாக் கோட்டை அழித்துவிட்டுப் 'புதுசு' என்று விற்கிறவர்களும், அதன் மேல் பொய்த் தபால் முத்திரை குத்துகிறவர்களும் உண்டு. லென்ஸ் வைத்துப் பாருங்கள்: மை வெளுத்த இடத்தில் காகிதம் சொரசொரப்பாக இருக்கும்.

துளை விளிம்பு இல்லாத தலை என்றாலே மனம் துள்ளும். சற்றுப் பொறுங்கள், விளிம்பைக் கத்தரியால் நறுக்கினாலும் அப்படித்தான் இருக்கும். இந்தியாவில் 1854 வரிசை உண்மையிலேயே துளை இல்லாதது. மேலே 'இந்தியா' என்று மட்டும் இருக்கும். 'ஈஸ்ட் இந்தியா போஸ்டேஜ்' என்று எழுதியிருந்து துளையில்லாமல் வந்தால் முதலில் கத்தரியைத்தான் சந்தேகிக்க வேண்டும். 1852இல் சிந்துப் பகுதியில் வெளியான 'சிந்து டாக்' தலை என்று யாராவது நீட்டினாலும் அப்படியே, போலி ஏராளம். 'சர்வீஸ்' (அரசு அலுவலகப் பயன்பாட்டுக்கு), சம்ஸ்தானப் பெயர் என்று மேலச்சு, அதாவது அச்சான தலையின் மேல் மறுபடி அச்சடித்த எழுத்து, விழுந்த தலைகளிலும் அதே கவனம் தேவை. தலை அசலாக இருக்கும், மேலச்சு மட்டும் நேற்றுப் போட்டதாக இருக்கும்.

விலைக்கு வருவோம். தபால் தலைகளுக்கு விலை போட்டுப் பட்டியலிடும் ஸ்டான்லி கிப்பன்ஸ் கேட்டலாக்கில் உள்ள எண், பழுதில்லாத தலையை வியாபாரி நமக்கு விற்கும் விலை. நம்மிடமிருந்து வாங்கும் விலை அல்ல. கிழிசல், மெலிந்த காகிதம், பழுப்புப் புள்ளி, பின்னால் புதிதாகத் தடவிய பசை, இதில் ஒன்று இருந்தாலும் எண் சடசடவென்று இறங்கும்.

உண்மையிலேயே பெரிய தலை என்று தோன்றினால் ராயல் ஃபிலாட்டலிக் சொசைட்டி லண்டனின் நிபுணர் குழு போன்றவர்கள் பார்த்துச் சான்றிதழ் தருவார்கள். அதற்குக் கட்டணம் உண்டு. ஓரணாத் தலைக்கெல்லாம் அனுப்பினால், தலையை விடத் தபால் செலவே கூடிவிடும்.