வார்ஃபரின் மாத்திரையும் ஐஎன்ஆர் குறிப்பேடும்: வீட்டில் கணக்கு வைக்கும் முறை

இதயத்தின் இடப்பக்க இரு அறைகளுக்கு இடையே, அதாவது மைட்ரல் இடத்தில், உலோக வால்வு பொருத்தப்பட்ட அப்பாவுக்கு, ரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்ஃபரின் மருந்தைத் தொடங்கிய புதிதில் நான் செய்த தவறுகளிலிருந்து உருவான முறை இது. அளவைத் தீர்மானிப்பது மருத்துவரின் பொறுப்பு. கணக்கு வைப்பது நம்முடையது.

ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ரத்தச் சோதனை எண்தான் ஐஎன்ஆர்; எண் கூடினால் உறைவது தாமதமாகிறது என்று பொருள். முதலில் ஐஎன்ஆர் இலக்கைக் கேட்டுக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் ஒழுங்கற்ற துடிப்புக்கு வழக்கமாக 2 முதல் 3. அப்பாவுடையதைப் போன்ற வால்வுக்கு 2.5 முதல் 3.5. இலக்குக்குக் கீழே போனால் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். மேலே போனால் மூளையிலோ குடலிலோ ரத்தம் கசியலாம்.

மாத்திரையை மாலையில், ஒரே நேரத்தில் கொடுங்கள். காலையில் எடுத்த சோதனையின்படி அளவு மாறினால் அன்றைக்கே மாற்றிவிடலாம். "ஒரு மாத்திரை" என்று எழுதாமல் மில்லிகிராமில் எழுதுங்கள்.

நான் சறுக்கிய இடம் இதுதான். ஒருமுறை 1.8 வந்தது, மருத்துவர் சிறிதளவே கூட்டினார். மறுநாள் சோதித்தபோதும் எண் அசையாததால், மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணி நானாக அரை மாத்திரை சேர்த்துக் கொடுத்துவந்தேன். ஐந்தாம் நாள் 4.6, அப்பா வாய் கொப்பளித்த நீர் ஒவ்வொரு முறையும் இளஞ்சிவப்பாகவே வந்தது. வார்ஃபரின் ரத்தத்தை நீர்க்கச் செய்வதில்லை. வைட்டமின் கே-யைக் கொண்டு கல்லீரல் உருவாக்கும் உறைதல் காரணிகளின் புதிய உற்பத்தியைத்தான் தடுக்கிறது. அக்காரணிகளில் ஒன்றான, ஏற்கெனவே ரத்தத்திலுள்ள புரோத்ராம்பின் பாதியாகவே ஏறத்தாழ 60 மணி நேரம் ஆகும் என்பதால், இன்றைய எண் சில நாள்களுக்கு முந்தைய மாத்திரைகளின் விளைவு. ஆகவே ஐஎன்ஆர் எண்ணுக்குப் பக்கத்திலேயே முந்தைய ஏழு நாள் அளவுகளும் தெரியும்படி கட்டம் போடுங்கள். கைபேசிச் செயலிகளைவிடக் காகிதமே மேல் என்பேன். மருத்துவர் ஒரே பார்வையில் படித்துவிடுகிறார்.

வைட்டமின் கே உள்ள கீரையை நிறுத்த வேண்டாம், வாராவாரம் ஒரே அளவில் உண்டால் போதும். இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். விட்டுப்போன வேளைக்காக மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது. கறுத்த மலம், தலையில் அடி, திடீர்க் கடுந்தலைவலி என்றால் குறிப்பேட்டோடு உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

பிற்சேர்க்கை: வழக்கமான ஐஎன்ஆர் சோதனை தேவைப்படாத அபிக்சபான், டாபிகாட்ரான் போன்ற உறைவுத் தடுப்பு மருந்துகளுக்கு மாறலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ள பலருக்கு அவை பொருந்தும்; உலோக வால்வு உள்ளவர்களுக்குப் பொருந்தாது. டாபிகாட்ரானை அவர்களிடம் பரிசோதித்த ஆய்வு, உறைவும் கசிவும் இரண்டுமே கூடியதால் இடையிலேயே நிறுத்தப்பட்டு, முடிவுகள் 2013-இல் வெளியாயின. இன்னொருவர் மெட்ரோனிடசோல் என்னும் கிருமிக்கொல்லி மருந்தை எடுத்தபின் எண் எகிறியதாக எழுதியிருந்தார். அம்மருந்து வார்ஃபரின் சிதைவதைத் தாமதப்படுத்தும் என்பதால், எந்தப் புதிய மருந்தானாலும் தொடங்கிய தேதியையும் நிறுத்திய தேதியையும் அதே கட்டத்தில் குறித்து, அடுத்த சோதனையை எப்போது செய்வது என்று மருத்துவரிடம் அன்றே கேட்டுவிடுங்கள்.