இல்லஸ்ட்ரேஷன் படிப்பில் பிளேஸ்மென்ட் ஆண்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைவது என் தொழில். இங்கே இல்லஸ்ட்ரேஷன் பட்டப்படிப்பு படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் அவ்வப்போது படங்களைக் காட்டி ஆலோசனை கேட்க வருவார்கள். சென்னையிலிருந்து வந்தவர்கள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள், இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் என்று எல்லாரும் உண்டு. பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் பிளேஸ்மென்ட் ஆண்டில்தான் போய் நிற்கும். இரண்டாம் ஆண்டுக்கும் கடைசி ஆண்டுக்கும் நடுவே, பதிப்பகத்திலோ அனிமேஷன் ஸ்டுடியோவிலோ கேம் நிறுவனத்திலோ வேலை செய்யும் ஆண்டு அது. மூன்றாண்டுப் படிப்பு நான்காண்டு ஆகும்.

நாங்கள் படித்த காலத்தில் சறுக்கிய அதே இடங்களில்தான் இன்றைய பிள்ளைகளும் சறுக்குகிறார்கள். நேரத்துக்குப் போங்கள், கெடுவைத் தவறவிடாதீர்கள் என்பதெல்லாம் யாருக்கும் தெரிந்ததுதான். அதை விட்டுவிடுகிறேன்.

பல்கலைக்கழகம் வேலை வாங்கித் தரும் என்று காத்திருப்பது

நம்மூரில் பிளேஸ்மென்ட் என்றால் நிறுவனங்களே கல்லூரிக்கு வந்து ஆளெடுக்கும். இல்லஸ்ட்ரேஷனில் அது நடக்காது. பல்கலைக்கழகத்தில் அதற்கென்று ஒரு பிரிவு இருக்கும். விண்ணப்பத்தைத் திருத்தித் தருவார்கள், முன்பு மாணவர்களை எடுத்த இடங்களைச் சொல்வார்கள். தேடி எழுத வேண்டியது நாம்தான்.

இரண்டாம் ஆண்டு தொடங்கும் செப்டம்பர், அக்டோபரிலேயே எழுத ஆரம்பித்துவிடுங்கள். ஈஸ்டர் விடுமுறைக்குப் பிறகு விழித்துக்கொள்பவர்களுக்கு மிச்சம் மீதிதான். சின்ன ஸ்டுடியோக்கள் பலவும் விளம்பரமே கொடுப்பதில்லை. நல்ல கடிதம் ஒன்று சரியான நேரத்தில் வந்தால் யோசிப்பார்கள், அவ்வளவுதான். இன்னொன்று, முழு ஆண்டுக்கும் ஒரே இடம் கிடைப்பது இந்தத் துறையில் அரிது. இரண்டு மூன்று சிறிய பணிகளைச் சேர்த்து ஓராண்டாகக் கணக்கில் கொள்ளும் பல்கலைக்கழகங்கள் உண்டு. உங்கள் துறையின் விதி என்ன என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பல பாணிகளைக் கலந்து அனுப்புவது

விண்ணப்பத்தோடு அனுப்பும் படங்களில் ஒரு பாணி போதும். இன்னும் சில வருடம் அலுக்காமல் வரையக்கூடிய பாணியாகப் பார்த்து அனுப்புங்கள்.

முதல் நாளே கையெழுத்துப் போட்டுவிடுவது

என்னை இன்னமும் எரிச்சல்படுத்தும் தவறு இது. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவி, அருமையான கை. பிளேஸ்மென்ட் ஆண்டு முழுவதும் ஒரே நிறுவனத்தில் இருந்தார். கதாபாத்திரங்கள், பின்னணிகள், வண்ணத் திட்டம் என்று ஒரு தொடருக்கான வேலையில் பெரும்பங்கு அவருடையது. கடைசி ஆண்டு தொடங்கியதும், அந்தப் படங்களை, வேலை தேடும்போது காட்டும் படத் தொகுப்பான போர்ட்ஃபோலியோவில் வைக்கலாமா என்று கேட்டு எழுதினார். தொடர் வெளியான பிறகு வைக்கலாம் என்று பதில் வந்தது. சில மாதங்களில் நிறுவனம் அந்தத் தொடரையே கைவிட்டது. கடைசி ஆண்டு மாணவர்களின் பட்டக் கண்காட்சிச் சுவரில் அவர் மாட்டியவை இரண்டாம் ஆண்டில் வரைந்த படங்கள். ஓராண்டு உழைப்பில், அதுவும் அவருடைய மிகச் சிறந்த உழைப்பில், ஒரு படத்தைக்கூட யாருக்கும் காட்ட முடியவில்லை.

அதோடு முடியவில்லை. அதே ஆண்டில் மாலை வேளைகளில், ஊர்க் குளத்தில் மீன் பிடிக்கும் பிள்ளைகளைப் பற்றி ஒரு படப்புத்தகத்துக்கு மாதிரி வரைந்துவந்தார். நிறுவனத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் முதல் நாள் அவர் கையெழுத்துப் போட்ட தாளில், பணிக்காலத்தில் உருவாக்கும் படைப்புகள் அனைத்தும் நிறுவனத்துக்கே உரியவை என்று ஒரு வரி இருந்தது. அந்த வரி அதையும் பிடிக்குமா, பிடிக்காதா? நிச்சயமாகச் சொல்ல யாருமில்லை. அந்தக் குழப்பத்திலேயே புத்தகத்தை எந்தப் பதிப்பகத்துக்கும் அனுப்பாமல் வைத்துவிட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் ஊழியராக இருந்து அந்த வேலையின் பகுதியாக வரைந்தால், வேறு உடன்பாடு இல்லாதவரை உரிமை முதலாளிக்குப் போகும். ஊழியராக இல்லாவிட்டால் உரிமை வரைந்தவரிடமே இருக்கும். அதை இன்னொருவருக்கு மாற்ற, கொடுப்பவர் கையெழுத்திட்ட எழுத்துப் பத்திரம் வேண்டும். வாய்ப்பேச்சில் மாற்ற முடியாது. சம்பளமில்லாமல் பயணச் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு போகும் மாணவர் பல நேரம் ஊழியர் கணக்கில் வரமாட்டார். அவர் கையெழுத்துப் போடாதவரை படங்கள் அவருடையவை. அதனால்தான் முதல் நாள் காலையில், கணினிக் கணக்கு, கதவு அட்டை, தீயணைப்பு விதிகள் என்று வரும் தாள்களோடு இந்தத் தாளும் சேர்ந்து வருகிறது. சம்பளமும் கொடுக்காமல் உரிமையையும் எழுதி வாங்கிக்கொள்வதை என்னால் எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியவில்லை.

உரிமையை மாற்றிக் கொடுப்பது வீட்டை விற்பது மாதிரி. பயன்படுத்த லைசென்ஸ் கொடுப்பது வாடகைக்கு விடுவது மாதிரி. தாளில் எது எழுதியிருக்கிறது என்று தேடுங்கள்.

தாளை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். கேட்டதற்காக யாரையும் வேலையிலிருந்து அனுப்பி நான் பார்த்ததில்லை. பிறகு மின்னஞ்சலில் கேளுங்கள், எழுத்தில் பதில் இருக்க வேண்டும். வேலை வெளியான பிறகு போர்ட்ஃபோலியோவில் வைக்கலாமா? வெளியாகாமலே போனால் எவ்வளவு காலம் கழித்துக் காட்டலாம்? கடவுச்சொல் போட்ட பக்கத்தில் வைத்து நேர்காணலில் மட்டுமாவது காட்டலாமா? மதிப்பீட்டுக்காக ஆசிரியர்களிடம் கொடுக்கலாமா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பிளேஸ்மென்ட் அறிக்கை எழுதும்போது இணைக்க ஒரு படமும் இல்லாமல் தவிக்கிறார்கள். அப்புறம், ‘பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தும்’ என்று இருந்தால் ‘இந்தப் பணிக்காக உருவாக்கியவை’ என்று மாற்றித் தரச் சொல்லுங்கள். நல்ல நிறுவனம் மாற்றித் தரும். பல்கலைக்கழகப் பிளேஸ்மென்ட் பிரிவிடமும் தாளைக் காட்டுங்கள். 1973இல் தொடங்கப்பட்ட அசோசியேஷன் ஆஃப் இல்லஸ்ட்ரேட்டர்ஸ் அமைப்பும் ஒப்பந்தங்கள் பற்றி உறுப்பினர்களுக்கு ஆலோசனை சொல்கிறது.

பெயர் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். பிரிட்டிஷ் புத்தகங்களின் பதிப்புரிமைப் பக்கத்தில், படங்களை வரைந்தவர் என அடையாளம் காணப்படும் உரிமையை இன்னார் கோருகிறார் என்று ஒரு வரி இருக்கும். சும்மா போட்டதில்லை. 1988 சட்டப்படி அந்த உரிமையைக் கோரினால்தான் அது செல்லும். ஊழியராக வரைந்த படத்துக்குப் பெரும்பாலும் அந்தப் பாதுகாப்பும் கிடையாது. எனவே உங்கள் பெயர் எங்கே வரும் என்பதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெயருக்குப் பின்னால் பணமும் இருக்கிறது. நூலகங்களில் புத்தகம் இரவல் போவதற்காக எழுத்தாளருக்கு மட்டுமல்லாமல் ஓவியருக்கும் பங்கு தரும் சட்டம் பிரிட்டனில் 1979இல் வந்தது. முகப்புப் பக்கத்தில் பெயர் இருந்தால் அந்தப் பங்கைக் கோருவது எளிது.

கட்டணத்தையும் சம்பளத்தையும் கடைசியில் விசாரிப்பது

வேலை செய்கிறோமே, குறைந்தபட்சச் சம்பளம் கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். பல்கலைக்கழகப் படிப்பின் பகுதியாக ஓராண்டுக்கு மேற்படாத பிளேஸ்மென்ட் செய்பவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. தருகிற இடங்கள் உண்டு, தராத இடங்களும் உண்டு. படிப்புக் கட்டணமும் நின்றுவிடாது. இங்கிலாந்தில் உள்ளூர் மாணவரிடம் அந்த ஆண்டுக்கு முழுக் கட்டணத்தில் 20 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது. வெளிநாட்டு மாணவருக்கு அப்படி உச்சவரம்பு இல்லை, பல்கலைக்கழகம் வைத்ததுதான் கட்டணம். லண்டன் அறை வாடகையையும் சேர்த்து, வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து கணக்குப் போட்ட பிறகு இடத்தை ஒப்புக்கொள்ளுங்கள்.

ஸ்டூடண்ட் விசாவில் ஃப்ரீலான்ஸ் வேலை எடுப்பது

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்கு இதை அழுத்தியே சொல்கிறேன். இல்லஸ்ட்ரேஷன் பெரும்பாலும் ஃப்ரீலான்ஸ் தொழில். ஆனால் ஸ்டூடண்ட் விசாவில் சுயதொழில் செய்ய அனுமதி இல்லை. படிப்பின் பகுதியாக மதிப்பிடப்படும் பிளேஸ்மென்ட்டில் முழுநேரம் வேலை செய்யலாம். ஓர் அட்டைப்படம் வரைந்து உங்கள் பெயரில் பில் போட்டால் அது சுயதொழில். இணையத்தில் கடை வைத்து பிரிண்ட் விற்பதும், வாரக்கடைசிச் சந்தையில் மேசை போட்டு ஸ்டிக்கர் விற்பதும் அப்படித்தான். கூடப் படிக்கும் உள்ளூர் மாணவர்கள் செய்கிறார்களே என்று பார்த்துச் செய்யாதீர்கள். அவர்களுக்கு இழக்க விசா இல்லை.

‘உன்னை ஃப்ரீலான்ஸராக எடுத்துக்கொள்கிறோம்’ என்று ஸ்டுடியோ சொன்னால் அங்கேயே நிறுத்திவிட்டுப் பல்கலைக்கழக விசா பிரிவுக்குப் போங்கள். ஸ்டுடியோவில் இருப்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, விசா விதி அவர்களுக்குத் தெரியாது. படிப்பு ஓராண்டு நீள்வதால் விசா காலமும் போதுமா என்று பார்க்க வேண்டும். இடையில் ஸ்டுடியோ மாறினாலும் பல்கலைக்கழகத்துக்கு உடனே தெரியப்படுத்த வேண்டும். படிப்பு முடித்துக் கிராஜுவேட் விசாவுக்கு மாறியபின் சுயதொழில் செய்யலாம், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்தில் வரைந்துகொண்டே மட்டும் இருப்பது

பதிப்பகத்தில் இடம் கிடைத்த பிள்ளைகள் மேசையை விட்டு எழுந்திருக்காமல் வரைகிறார்கள். வரைவதை வீட்டிலும் செய்யலாம். அச்சு வேலையைப் பார்க்கும் தயாரிப்புப் பிரிவிலும், வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்குப் புத்தக உரிமையை விற்கும் உரிமைப் பிரிவிலும் போய் உட்கார்ந்தால்தான் தெரியவரும் விஷயங்கள் இருக்கின்றன. படத்துக்குள் கடைப் பலகையை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டுவரும் மாணவர்களை அடிக்கடி பார்க்கிறேன். படப்புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம், நான்கு வண்ண அச்சு, வண்ணத்துக்கு ஓர் அச்சுத் தகடு. பிரெஞ்சு, கொரியன் என்று பல மொழிப் பதிப்புகளைச் சேர்த்து ஒரே ஓட்டத்தில் அடித்தால்தான் செலவு கட்டுப்படியாகும். அப்படி அடிக்கும்போது மற்ற மூன்று தகடும் அப்படியே இருக்கும், எழுத்து இருக்கும் கறுப்புத் தகட்டை மட்டும் மொழிக்கு மொழி மாற்றுவார்கள். ஆங்கிலப் பலகை படத்தின் வண்ணத்தோடு கலந்திருந்தால் ஒவ்வொரு மொழிக்கும் திருத்த வேண்டிவரும். அந்தச் செலவைப் பார்த்தே உரிமை வாங்க வந்தவர் விலகிப் போகலாம்.

கலர் எழுத்திலும் இதே சிக்கல்தான். இரண்டு பக்கம் சேரும் மடிப்பில் முகம் வரைவதும் தயாரிப்புப் பிரிவில்தான் திருத்தப்படும். உரிமைப் பிரிவில் இருப்பவர்கள் ஒவ்வொரு வசந்தத்திலும் இத்தாலியின் பொலோன்யா குழந்தைகள் புத்தகக் கண்காட்சிக்குப் போய்வருவார்கள். அங்கே எந்தப் படத்தின் முன்னால் வாங்க வந்தவர்கள் நின்றார்கள், எதைத் தாண்டிப் போனார்கள் என்று கேளுங்கள். மகிழ்ச்சியாகச் சொல்வார்கள்.

கிளம்பும் வாரத்தில் கோப்புகளைத் தேடுவது

அனுமதி வாங்கியவற்றை மாதாமாதம் சேமித்துவிடுங்கள். கடைசி நாளில் உங்கள் கணக்கை மூடிவிடுவார்கள்.