கிரிம்ப் செய்யும் வயர் முனைக்கு ஈயம் வேண்டாம்

வயர் முனையில் நசுக்கிப் பொருத்தும் (கிரிம்ப் செய்யும்) உலோக டெர்மினலில் நுழைக்கும் முன், அந்த முனையில் சால்டரிங் ஈயம் வைக்காதீர்கள். உறையை உரித்து, செம்பு இழைகளை லேசாக முறுக்கி அப்படியே உள்ளே வைத்து கிரிம்பிங் பிளேயரால் அழுத்தினாலே போதும், நேரமும் ஈயமும் மிச்சம். ஈயம் மெத்தென்றது, அழுத்தத்தில் நாள்பட மெல்ல விலகிக் கொடுக்கும், அப்புறம் பிடி தளர்ந்து அந்த இடம் சூடாகும். வெறும் செம்பு என்றால் இழைகள் நசுங்கி டெர்மினலோடு காற்றுப் புகாதபடி இறுகிவிடும். குளச்சல், முட்டம் பக்கம் படகு வயரிங் பார்ப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம், சின்னச் சந்து கிடைத்தாலும் உப்புக்காற்று நுழைந்து செம்பில் பச்சை பூத்துவிடும். அங்கே இணைப்பின் மேலே, சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும், உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் டியூபும் போட்டுவிடுங்கள். சர்க்யூட் போர்டில் நேரடியாகப் பற்றவைக்கும் முனைக்கு இது பொருந்தாது, அங்கே ஈயம் வேண்டும். ஒற்றைக் கம்பி வயருக்கும் இந்தச் சாதாரண டெர்மினல்கள் சரிவராது.